துணி எப்படி வெடியை நிறுத்தும்? ஸ்டெஃபனி குவோலெக்கும் ஓர் இழை கடந்து வந்த பாதையும்

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கும் அக்கா ஒருவரைச் சந்திக்கப் போயிருந்தேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வருமானம் பற்றிய ஒரு கட்டுரைக்காகத்தான் போனேன். இடைவேளையில் அவர் கவச அங்கியைக் கழற்றி நிழலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். பாரமாக இருந்தது. ஆனால் உள்ளே இரும்புத் தகடு எதுவும் தட்டுப்படவில்லை. விரலால் அழுத்தினால் கெட்டியான பல மடிப்புத் துணிபோல வளைந்து கொடுத்தது.

“முதல் நாள் இதைப் போட்டவுடனை மூச்சு முட்டினது. இப்ப இது இல்லாமல் உள்ளுக்குக் கால் வைக்க மாட்டன்” என்றார் அவர். பிறகு என்னிடம் கேட்டார்: “ஆனால் தங்கச்சி, இது துணிதானே? துணி எப்பிடி வெடியை நிப்பாட்டும்? நீங்கள் எழுதுற ஆக்கள், தேடிப் பாத்துச் சொல்லுங்கோவன்.”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு, பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள். இரசாயனவியல் சாதாரண தரத்தோடு நின்றுபோனது. ஆனாலும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. போர்க்காலத்தில் வளர்ந்த என்போன்றவர்களுக்கு, எது சன்னத்தைத் தடுக்கும், எது தடுக்காது என்பது பாடப்புத்தகக் கேள்வி அல்ல. பனங்குற்றி, மண்மூட்டை, பங்கர் என்றுதான் எங்கள் பொருள் விஞ்ஞானம் தொடங்கியது.

தேடியபோது அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தது: ஸ்டெஃபனி குவோலெக். அந்த அக்காவின் அங்கிக்குள் இருப்பது அரமிட் எனப்படும் இழைக் குடும்பத்தைச் சேர்ந்த துணி. அந்தக் குடும்பத்தில் மிகவும் பிரபலமானது கெவ்லர். அதற்கு வழி திறந்தவர் குவோலெக். அவருடைய ஆய்வுகூட மேசையில் இருந்து ஒரு தொழிற்சாலையின் வாசல்வரை அந்த இழை எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வைத்தியராக நினைத்தவர்

குவோலெக் 1923 ஜூலை 31இல் பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ கென்சிங்டன் என்ற ஊரில் பிறந்தார். போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். இயற்கையை நேசித்த தகப்பனோடு காடுகளில் அலைந்து இலைகளும் விதைகளும் சேர்த்த பிள்ளை. அவருக்குப் பத்து வயதாகும்போது தகப்பன் இறந்துவிட்டார். அதன்பின் தாய்தான் குடும்பத்தைச் சுமந்தார். தாயிடமிருந்து அவருக்குத் தையலிலும் துணியிலும் ஆசை வந்தது.

1946இல் இன்றைய கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியில் இரசாயனவியல் பட்டம் பெற்றார். விருப்பம் என்னவோ மருத்துவம் படிப்பதில். அதற்குப் பணம் சேர்க்கச் சில காலம் வேலை செய்யலாம் என்று டியூபொன்ட் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். நேர்முகம் கண்டவர் ஹேல் சார்ச், ஈரம் புகாத செலோபேன் தாளை உருவாக்கிய விஞ்ஞானி. இரண்டு கிழமையில் முடிவு சொல்கிறோம் என்றாராம். வேறு இடத்திலும் வேலை கேட்டிருக்கிறேன், கொஞ்சம் கெதியாகச் சொல்ல முடியுமா என்று குவோலெக் கேட்டார். சார்ச் உடனே செயலாளரைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே நியமனக் கடிதத்தை எழுதச் சொன்னார்.

இரண்டாம் உலகப்போருக்கு ஆண்கள் போயிருந்ததால் ஆய்வுகூடங்களில் பெண்களுக்கு இடம் கிடைத்த காலம் அது. பலர் பிறகு வெளியேறினார்கள். குவோலெக் நின்றார். தற்காலிகமாகப் போன வேலையில் 40 ஆண்டுகள் இருந்து 1986இல்தான் ஓய்வு பெற்றார்.

அவருடைய துறை பல்பகுதியங்கள். சிறிய மூலக்கூறுகள் மாலைபோலக் கோர்க்கப்பட்டு நீண்ட சங்கிலிகளாவதைத்தான் பல்பகுதியம் என்கிறோம். மீன்வலை செய்யும் நைலோன் நமக்குத் தெரிந்த ஒன்று. நைலோனை அதிக வெப்பத்தில் உருக்கித்தான் தொழிற்சாலையில் செய்தார்கள். குவோலெக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் குறைந்த வெப்பநிலையிலேயே சங்கிலிகளைக் கோர்க்கும் வழிகளைத் தேடினார்கள். 1959இல் அவரும் போல் மோர்கனும் ஒரு எளிய செயல்முறையை வெளியிட்டார்கள். ஒரு முகவையில் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களை ஊற்றினால், அவை சந்திக்கும் இடத்தில் நைலோன் படலம் உருவாகும். அதைக் கொளுவி இழுக்க இழுக்க நூல் வந்துகொண்டே இருக்கும். உலகின் பல பாடசாலைகளில் இன்றும் இதைச் செய்து காட்டுகிறார்கள்.

மோர் போன்ற ஒரு கரைசல்

1964இல் பெற்றோல் தட்டுப்பாடு வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. வாகனத்தின் பாரத்தைக் குறைக்க, ரயருக்குள் இரும்புக் கம்பிக்குப் பதிலாகப் போடக்கூடிய இலேசான, வலுவான இழை ஒன்றைக் குவோலெக்கின் குழு தேடத் தொடங்கியது. கவனியுங்கள், தேடியது ரயருக்கு. கவசத்தைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை.

இழை செய்வதற்குப் பல்பகுதியத்தைக் கரைத்து, மிகச் சிறிய துளைகள் உள்ள ஒரு தட்டின் ஊடாக அழுத்தித் தள்ளவேண்டும். எங்கள் இடியப்ப உரலை நினைத்தால் போதும். துளைகள் மட்டும் மயிரளவு. வழமையாக அந்தக் கரைசல் பாணிபோலத் தடிப்பாகவும் தெளிவாகவும் இருக்கும். குவோலெக்குக்குக் கிடைத்ததோ மோர்போலத் தண்ணியாகவும் கலங்கலாகவும் இருந்தது. பார்த்தவுடன் பிழைத்துப்போனது என்று கொட்டிவிடத் தோன்றும் திரவம்.

அவர் கொட்டவில்லை. உள்ளே தூசு துணிக்கை கிடக்கலாம் என்று வடித்துப் பார்த்தார். கலங்கல் போகவில்லை. இழை நூற்கும் இயந்திரத்தைக் கவனித்தவர் சார்ள்ஸ் சுமுல்லன். இதை ஊற்றினால் துளைகள் அடைபட்டுவிடும் என்று முதலில் மறுத்தார். குவோலெக் விடாமல் கேட்டதில் கடைசியில் சம்மதித்தார். நூல் சிக்கலில்லாமல் வந்தது. நைலோன் அறுந்துபோகும் இழுவையில் அது அறவில்லை. பரிசோதனைப் பெறுபேற்றை அவராலேயே நம்ப முடியவில்லை. பிழையாக இருந்தால் வெட்கக்கேடு என்று, ஒருவருக்கும் சொல்லாமல் மீண்டும் மீண்டும் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அதே விடை.

ஏன் கலங்கலாக இருந்தது? சாதாரண பல்பகுதியச் சங்கிலிகள் அவித்த இடியப்பம்போல வளைந்து சிக்கிக் கிடக்கும். குவோலெக் செய்த சங்கிலிகளோ வளையாதவை, ஈர்க்குப்போல விறைத்தவை. ஒரு பெட்டிக்குள் நாலைந்து ஈர்க்கைப் போட்டால் எப்படியும் கிடக்கும். நூற்றுக்கணக்கில் போட்டால் பக்கத்துப் பக்கமாக ஒரே திசையில் படுத்தால்தான் இடம் கிடைக்கும். கரைசலில் நடந்ததும் அதுதான். ஒழுங்காக அடுக்கப்பட்ட சிறு சிறு கூட்டங்கள் ஒளியைச் சிதறடித்தன. அதனால் கலங்கல். திரவமாக ஓடினாலும் பளிங்குபோல ஒழுங்கு உள்ள இந்த நிலையைத் திரவப் பளிங்கு என்கிறார்கள். துளையின் ஊடாகத் தள்ளும்போது ஈர்க்குகள் எல்லாம் நூலின் நீளத்துக்கு நிமிர்ந்துகொள்கின்றன. பக்கத்துச் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் கைகோர்க்கின்றன. விளக்குமாற்றைக் கட்டியதுபோல. தனி ஈர்க்கை முறிக்கலாம், கட்டை முறிக்க முடியாது. ஒரே எடையில் ஒப்பிட்டால் இந்த இழை உருக்கைவிடச் சுமார் ஐந்து மடங்கு வலுவானது.

ஆய்வுகூடத்துக்கு வெளியே ஆறு வருடம்

வழமையாகக் கண்டுபிடிப்புக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். அந்த அக்காவின் அங்கி தைக்கப்படுவதற்கு இதற்குப் பிறகு நடந்தவைதான் காரணம். ஒரு முகவையில் சில கிராம் செய்வது வேறு. வருடம் முழுவதும், ஒரே தரத்தில், தொன் கணக்கில், வாங்கக்கூடிய விலையில் செய்வது வேறு. கெவ்லர் விற்பனைக்கு வந்தது 1971இல்.

முதல் தடை விலை. குவோலெக் முதலில் இழையாக்கிய பல்பகுதியத்தின் மூலப்பொருட்கள் விலை கூடியவை. ஆகவே அதன் நெருங்கிய உறவான இன்னொரு பல்பகுதியத்தைத் தெரிவு செய்தார்கள். ஆனால் அது இலகுவில் கரையாது. செறிந்த சல்பூரிக் அமிலம் வேண்டும்.

இரண்டாவது தடை நூற்றல். இதைத் தீர்த்தவர் அதே நிறுவனத்தில் இருந்த ஹேர்பேட் பிளேட்ஸ். நல்ல இழைக்கு அமிலத்தில் கரைசல் மிகச் செறிவாக இருக்கவேண்டும். அப்படிப்பட்ட கரைசல் அறை வெப்பநிலையில் கட்டியாகிவிடும், சுமார் 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் ஓடும். வெளியே வரும் நூலை உறைய வைக்கும் தண்ணீரோ குளிராக இருக்கவேண்டும். இடியப்ப உரலின் வாயைக் குளிர்ந்த தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிழிந்தால் மா வாயிலேயே இறுகிவிடும் அல்லவா? பிளேட்ஸ் உரலைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். நூல் முதலில் சிறிது தூரம் காற்றில் இறங்கி, அந்த இடைவெளியில் இழுபட்டு இன்னும் நிமிர்ந்து, பிறகே தண்ணீருக்குள் போகும். கேட்பதற்குச் சிறிய விடயம். இழையின் பலம் அதனால் பெருமளவு கூடியது.

மூன்றாவது தடை தொழிலாளரின் உடல்நலம். பல்பகுதியத்தைத் தயாரிக்கப் பயன்பட்ட ஒரு கரைப்பான் எலிகளின் மூக்கில் புற்றுநோயை ஏற்படுத்துகிறது என்று 1970களின் நடுப்பகுதியில் தெரியவந்தது. அதற்கு மாற்றான கரைப்பானுக்கு மாறவேண்டி வந்தது. அந்த மாற்று முறைக்குரிய காப்புரிமையை நெதர்லாந்தின் அக்சோ நிறுவனம் வைத்திருந்தது. இரண்டு நிறுவனங்களும் பல வருடங்கள் வழக்காடி 1988இல்தான் சமரசத்துக்கு வந்தன. மொத்தத்தில் இந்த இழையைச் சந்தைக்குக் கொண்டுவர டியூபொன்ட் சுமார் 500 மில்லியன் டொலர் செலவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

நான்காவது தடைதான் வேடிக்கை. எந்த ரயருக்காகத் தேடினார்களோ, அந்தச் சந்தையின் பெரும்பகுதியை இரும்புக் கம்பி போட்ட ரயர்களே பிடித்துக்கொண்டன. இழை இருந்தது, வாங்க ஆள் குறைவு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நீதித் திணைக்களத்தின் ஆய்வுப் பிரிவில் இருந்த லெஸ்டர் ஷுபின் இந்தத் துணியை மடித்துத் தொலைபேசி விபரக் கொத்துப் புத்தகத்தின் மேல் போட்டுச் சுட்டுப் பார்த்தார். சன்னம் புத்தகத்துக்குள் போகவில்லை. அதிலிருந்துதான் பொலிஸாருக்கான இலேசான கவச அங்கி வந்தது. அந்த அங்கிகளால் உயிர் தப்பிய பொலிஸாரின் சங்கத்தில் 3000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். 1980களில் அமெரிக்க இராணுவத்தின் தலைக்கவசங்களிலும் அங்கிகளிலும் கெவ்லர் வந்துவிட்டது.

குவோலெக் காப்புரிமையை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இழை பொருளாக மாறிய கட்டத்தில் தனக்கு நேரடிப் பங்கு பெரிதாக இல்லை என்பதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 1995இல் டியூபொன்ட்டின் லவோய்சியர் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1996இல் அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. 2014 ஜூன் 18இல், 90 வயதில் காலமானார்.

அங்கி என்ன செய்கிறது, என்ன செய்யாது

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். வெடியிலிருந்து பறக்கும் துண்டு சாதாரணத் துணியில் பட்டால், பட்ட இடத்து நூல்கள் மட்டும் தனியாகத் தாங்கி உடனே அறுந்துபோகும். அரமிட் இழையில் அதிர்வு மிக வேகமாக ஓடும். ஒரு நூலில் விழுந்த அடி, அந்த நூல் குறுக்கிடும் மற்ற நூல்களுக்கும் கணத்தில் பரவும். ஒரு புள்ளியில் விழுந்த அடியைப் பெரிய பரப்பே தாங்குகிறது, மீன் மோதிய இடத்தில் மட்டுமல்லாமல் வலை முழுவதுமே அசைவதுபோல. இப்படிப் பல அடுக்குகள். ஒவ்வொன்றும் துண்டின் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொள்ளும்.

முகத்துக்கு முன்னால் இருப்பது கண்ணாடி அல்ல, பொலிகாபனேட்டு. கண்ணிவெடி அகற்றுவோருக்கு அது 5 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சமமான பாதுகாப்பைத் தரவேண்டும் என்பது சர்வதேச நியமம்.

ஆனால் அரமிட் வெயிலைத் தாங்காது. சூரிய ஒளியின் கழியூதாக் கதிர்கள் இழையைப் பலவீனமாக்கும். நனைந்தாலும் நூல்கள் வழுக்கி, துண்டைப் பிடிக்கும் ஆற்றல் குறையும். அதனால்தான் வெளிச்சமும் ஈரமும் புகாத உறைக்குள் அதைத் தைக்கிறார்கள். அந்த அக்கா அங்கியை நிழலில் வைத்தது சூட்டுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது பயிற்சி. இன்னொன்று, இந்த அங்கி முழந்தாளிட்டு வேலை செய்பவரின் நெஞ்சையும் வயிற்றையும் கழுத்தையும் காப்பதற்கு. காலடியில் வெடிக்கும் மிதிவெடியிலிருந்து பாதத்தைக் காக்காது. அதைக் காப்பது ஒழுங்குமுறை ஒன்றுதான்: அடையாளமிட்ட பாதையை விட்டு விலகாமை, விறாண்டியால் மண்ணை மெல்ல மெல்ல வாரும் பொறுமை. மீள்குடியேறிய காணிகளில் சந்தேகத்துக்கிடமான எதையாவது கண்டால் தொடாமல் அறிவியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். உங்களிடம் அங்கியும் இல்லை, பயிற்சியும் இல்லை.

சேலையும் மண்ணும்

இதை எழுதும்போது 2009ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. முள்ளிவாய்க்காலில் எங்கள் பெண்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினார்கள். கலியாணச் சேலைகளும் போயின. அங்கே சேலை எதையும் தடுக்கவில்லை. அது மண்ணைப் பிடித்து வைத்தது. துண்டுகளின் வேகத்தைக் குறைத்தது ஒன்றோடொன்று உரசிய மணல்தான். துணியே தடுக்கக்கூடிய ஓர் இழை அப்போது உலகச் சந்தைக்கு வந்து 38 வருடமாகியிருந்தது. கவசம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை ஆய்வுகூடம் தீர்மானிப்பதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. குவோலெக்கின் மோர்க் கரைசல் பொருளாக மாறியதற்குக் காரணம், அவருக்குப் பக்கத்தில் சுமுல்லனின் இயந்திரம் இருந்தது, பிளேட்ஸ் இருந்தார், காத்திருக்கக்கூடிய ஒரு தொழிற்சாலை இருந்தது. வடக்கில் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோனது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் அழிந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்று ஒரு பொறியியல் பீடம் இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கலங்கலான ஒரு கரைசலைக் கண்டு கொட்டாமல் விட்டாலும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க அருகில் ஒரு தொழிற்சாலை வாசல் வேண்டும். மீள்கட்டுமானம் என்று வீதிகளையும் கட்டடங்களையும் எண்ணுகிறோம். அறுந்த இந்தத் தொடர்ச்சி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் நிலம் துப்புரவாக்கப்படவேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தேவையான முடிவு. அதே நாளில் அந்த அக்காவைப் போன்றவர்களின் சம்பளமும் முடியும். மில்லிமீற்றர் கணக்கில் கவனமாக வேலை செய்யப் பழகிய கைகள் அவை. துல்லியம் தேவைப்படும் எந்தத் தொழிற்சாலையும் தேடி எடுக்கவேண்டிய கைகள். அவர்களுக்கு அடுத்தது என்ன என்பதை இப்போதே கேட்கவேண்டும்.

கிடைத்த விடையைச் சொல்ல அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஈர்க்கு, விளக்குமாறு, இடியப்ப உரல் என்று எனக்குத் தெரிந்த மட்டில் விளக்கினேன். அமைதியாகக் கேட்டார்.

“அப்ப துணி தான் தாங்குது. மண் தேவையில்லை” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நான் ஆறு சேலை தைச்சனான் தங்கச்சி. அம்மான்ரை கூறையும் அதுக்குள்ளை.”

பிறகு, நாளைக்கு விடிய ஐந்து மணிக்கு வாகனம் வரும் என்று சொல்லி வைத்துவிட்டார்.